எபிதீலிய செல்லுக்குள் நுண்குழல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்லின் உட்சட்டகத்தை வரையச் சொன்னால் நம் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் வரைவார்கள். நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து எல்லாத் திசையிலும் பாயும் கோடுகள். புள்ளி, குழல்கள் முளைக்கும் மையமான சென்ட்ரோசோம்; கோடுகள் நுண்குழல்கள். தோலடியில் இணைப்புத் திசுவில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லுக்கு இந்தப் படம் பொருந்தும். ஆனால் குடல், சிறுநீரகம், மூச்சுக்குழாய், கல்லீரல், உள்காது என்று உடலின் உள்ளறைகளுக்குச் சுவராக நிற்கும் எபிதீலிய செல்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தாது. இந்தப் பாடத்தை எடுக்கும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நுண்குழல் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஆல்பா ட்யூபுலின், பீட்டா ட்யூபுலின் என்று இரண்டு புரதங்கள் ஜோடியாக ஒட்டிக்கொண்டு இருக்கும். ஒரு ஜோடியின் நீளம் 8 நானோமீட்டர். ஜோடிக்கு மேல் ஜோடி அடுக்கினால் ஓர் இழை. வழக்கமாக 13 இழைகள் பக்கவாட்டில் சேர்ந்து, ஏறக்குறைய 25 நானோமீட்டர் விட்டமுள்ள உள்ளீடற்ற உருளை ஆகும். அதுதான் நுண்குழல், அதாவது மைக்ரோடியூப்யூல்.

ஜோடிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து அடுக்கப்படுவதால் குழலின் இரண்டு முனைகளும் ஒரே மாதிரி இருக்காது. பீட்டா வெளியே தெரியும் முனை ப்ளஸ் முனை. அது வேகமாக வளரும், திடீரென்று சரிந்து சுருங்கும், மறுபடி வளரும். இந்த நிலையற்ற போக்கை 1984இல் டிம் மிச்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் விவரித்தார்கள். மற்றது மைனஸ் முனை. அது பெரும்பாலும் எதையாவது பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். அதனாலேயே ரொம்ப நாள் அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. எபிதீலியத்தில் கதையே அந்த மைனஸ் முனையில்தான் இருக்கிறது.

சரி, எபிதீலிய செல்லில் இவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன?

ஆலமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிளையிலிருந்து விழுதுகள் தரையை நோக்கி இறங்குகின்றன அல்லவா? குடலின் உறிஞ்சும் செல்லிலும் அப்படித்தான். ஏறக்குறைய 20 மைக்ரான் உயரமுள்ள அந்தத் தூண் வடிவ செல்லில், குடற்குழியைப் பார்த்திருக்கும் உச்சிப் பக்கத்துச் சவ்வின் அடியில் மைனஸ் முனைகள் தொங்குகின்றன. அங்கிருந்து குழல்கள் ஒன்றுக்கொன்று இணையாகக் கீழே இறங்கி, ப்ளஸ் முனைகளை அடிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. விழுது நுனியில் வளர்வது போலவே குழலும் கீழ்முனையில் வளர்கிறது. விழுது தரையில் ஊன்றிவிட்டால் அங்கேயே நிற்கும், குழல் நிற்காது. உவமை அந்த இடத்தில் உடைகிறது.

இணையாக இறங்கும் குழல்கள் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். உச்சிச் சவ்வுக்குக் கீழே கிடையாக ஒரு வலை, அடிப்பக்கம் இன்னொரு வலை என்று இரண்டும் உண்டு. 1989இல் ஹைடல்பெர்க்கில் உள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் எம்டிசிகே செல்களைக் கான்ஃபோக்கல் நுண்ணோக்கியில் அடுக்கடுக்காகப் பார்த்தபோது இந்த அமைப்பு தெளிவானது. எம்டிசிகே என்பது 1958இல் மேடின், டார்பி என்ற இருவர் ஒரு காக்கர் ஸ்பேனியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்த செல் வரிசை. எபிதீலியம் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி அந்த நாய் தந்தது என்று வகுப்பில் சொல்வேன். கொஞ்சம் மிகைதான், ரொம்ப இல்லை.

நுண்ணோக்கியில் பார்த்தேன். கோடுகளே இல்லை, புள்ளி புள்ளியாகத்தான் தெரிகிறது. சாயம் ஏறவில்லையா?

ஏறியிருக்கிறது. நீங்கள் மேலிருந்து பார்க்கிறீர்கள். நெட்டுக்குத்தாக நிற்கும் குழலை உச்சியிலிருந்து பார்த்தால் புள்ளியாகத்தானே தெரியும்? செல்லின் நடு உயரத்தில் குவியத்தை வைத்தால் புள்ளிகள், உச்சிக்குக் கொண்டுபோனால் வலை. பக்கவாட்டு வெட்டுத் தோற்றத்தைக் கணினியில் எடுத்துப் பாருங்கள், தூண்கள் தெரியும். நானும் மாணவனாக இருந்தபோது இதே காரணத்துக்காக ஒரு வாரம், குழல்களுக்குச் சாயம் ஏற்றும் ஆன்டிபாடியைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

இன்னொன்று. கண்ணாடித் தகட்டில் இரண்டு நாள் வளர்த்த தட்டையான செல்லில் இதைத் தேடாதீர்கள். செல்கள் நெருக்கமாகி, ஒன்றை ஒன்று பிடித்து, உயரமாக எழ வேண்டும். குடல் செல் மாதிரி நடந்துகொள்ளும் கேக்கோ-2 செல்கள் முழுதாக முதிர மூன்று வாரம் எடுக்கும். அவசரப்பட்டால் நடுவில் புள்ளியும் சுற்றிக் கோடுகளும் உள்ள பழைய படம்தான் கிடைக்கும்.

அப்படியானால் சென்ட்ரோசோம் எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை, வேலைதான் மாறியது. செல் முதிரும்போது, சென்ட்ரோசோமின் நடுவில் இருக்கும் குட்டி உருளைகளான சென்ட்ரியோல்கள் உச்சிப் பக்கம் நகர்கின்றன. குழல்களுக்கு விதை போடும் காமா ட்யூபுலின், குழல்களைப் பிடித்து வைக்கும் நைனீன் போன்ற புரதங்களில் பெரும்பகுதி அங்கிருந்து கழன்று செல்லின் ஓரத்துக்குப் போய்விடும். பல எபிதீலிய செல்களில் மூத்த சென்ட்ரியோல் உச்சிச் சவ்வுக்கு அடியில் போய் உட்கார்ந்து, ஒற்றைக் குறுஇழை (சிலியம் எனப்படும் மயிர் போன்ற நீட்சி) ஒன்றை வெளியே நீட்டும். சிறுநீரக நுண்குழலிச் செல்லில் இதை அழகாகப் பார்க்கலாம். அந்த ஒற்றைக் குறுஇழையோடு தொடர்புடைய பாலிசிஸ்டின் புரதங்கள் கெட்டுப்போனால் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரை நோய் வரும்.

சென்ட்ரோசோம் இல்லாமலே ஒரு விலங்கு வளர முடியுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். 2006இல் சாஸ்-4 என்ற மரபணு கெட்ட பழ ஈக்களில் சென்ட்ரியோல்களே இல்லாமல் போயின. ஆனாலும் உடல் உறுப்புகள் ஏறக்குறைய ஒழுங்காக உருவாகி ஈக்கள் முழு வளர்ச்சி அடைந்தன. பிறகு சீக்கிரம் செத்துப்போயின. காரணம், உணர்வு நரம்புகளுக்கு வேண்டிய குறுஇழைகள் இல்லை. பாடப்புத்தகப் படத்தை அழித்து எழுத இந்த ஒரு சோதனையே போதும் என்பது என் கருத்து.

மைனஸ் முனையை உச்சியில் பிடித்து வைத்திருப்பது எது?

இதற்குப் பதில் கிடைக்கத்தான் ரொம்ப நாள் ஆனது. ஜப்பானில் கோபே நகரத்து ரிக்கென் மையத்தில் மசதோஷி தாகெய்ச்சியின் குழு 2008இல் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தது. செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் கேட்ஹெரின் புரதத்தை முன்பே கண்டறிந்தவர் இவர். செல்கள் ஒட்டும் பட்டைக்குப் பக்கத்திலேயே நுண்குழலின் மைனஸ் முனையைப் பிடிக்கும் ஒன்று இருந்தது. அதற்கு நெஜா என்று சீனப் புராணத்துச் சிறுவர் தெய்வத்தின் பெயரை வைத்தார்கள். இப்போது கேம்சேப்-3 என்பதுதான் புழக்கத்தில் இருக்கும் பெயர். ஈயில் இதன் உறவுக்காரப் புரதம் பட்ரோனின்.

2016இல் எலியின் குடலிலும் கேக்கோ-2 செல்லிலும் கேம்சேப்-3 வேலை செய்யாமல் போனால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். குழல்கள் அழியவில்லை, திசைதான் போனது. மேலிருந்து கீழாக இறங்கும் ஒழுங்கு குலைந்து தாறுமாறாகக் கிடந்தன. கூடவே உட்கருவும், புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கை உறுப்பும் தங்கள் இடத்தை விட்டு நகர்ந்துவிட்டன. கொக்கி கழன்றதும் தொங்கியதெல்லாம் சரிந்தது.

கேம்சேப்-3 தனியாக வேலை செய்வதில்லை. ஸ்பெக்ட்ராபிளாகின் என்ற பெரிய புரதம் ஒரு கையால் உட்சட்டகத்தின் இன்னொரு வகை இழையான ஆக்டினின் வலையையும், மறுகையால் நுண்குழல் பக்கத்தையும் பிடித்துக்கொள்கிறது. காமா ட்யூபுலின் தொகுதியும் உச்சிப் பக்கம் இருக்கிறது. யார் விதைக்கிறார், யார் வெறுமனே பிடித்துக்கொள்கிறார் என்பது திசுவுக்குத் திசு மாறும். ஒரே விடையை எல்லா எபிதீலியத்துக்கும் எழுதிவைத்தால் தேர்வில் மதிப்பெண் வரலாம், ஆய்வகத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

இந்தத் தலைகீழ் அடுக்கால் செல்லுக்கு என்ன லாபம்?

போக்குவரத்து. நுண்குழல் என்பது மோட்டார் புரதங்கள் நடக்கும் பாதை. டைனீன் மைனஸ் முனை நோக்கி நடக்கும், கைனசின்களில் பெரும்பாலானவை ப்ளஸ் முனை நோக்கி நடக்கும். ஃபைப்ரோபிளாஸ்டில் டைனீன் ஏறினால் செல்லின் நடுவுக்குப் போய்ச் சேருவோம். எபிதீலிய செல்லில் அதே டைனீன் நம்மை உச்சிக்குக் கொண்டுபோகும். மோட்டாரை மாற்றவில்லை, பாதையைத் திருப்பிப் போட்டதும் போய்ச் சேரும் ஊர் மாறிவிட்டது. குடல் செல்லில் கோல்கை உட்கருவுக்கு மேலே உச்சியைப் பார்த்து உட்கார்ந்திருப்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

ஆனால் மேலே போக டைனீன், கீழே போகக் கைனசின் என்று சூத்திரம் போட்டுவிட வேண்டாம். எம்டிசிகே செல்லில் உச்சிக்குப் போக வேண்டிய சில சரக்குகளைக் கைனசின் குடும்பத்து கிஃப்5பி சுமப்பதும் தெரியவந்திருக்கிறது. உச்சிக்குக் கீழே ஒரு கிடை வலை இருக்கிறது என்றேனே, அங்கே திசைகள் கலந்திருந்தால் இது சாத்தியம்தான்.

பாதையைக் கலைத்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். எலிகளுக்குக் கோல்சிசின் கொடுத்து நுண்குழல்களைக் கரைத்தபோது, உச்சிக்குப் போக வேண்டிய சவ்வுப் புரதங்களில் ஒரு பங்கு பக்கச் சுவரிலும் அடியிலும் போய் இறங்கின. உச்சியில் மட்டும் இருக்க வேண்டிய நுண்ணுறிஞ்சிகள் (விரல் போன்ற சவ்வு நீட்சிகள்) பக்கவாட்டிலும் முளைத்தன. முகவரி கிழிந்த தபால் அக்கம்பக்கத்து வீடுகளில் விழுவது போல. கவனியுங்கள், போக்குவரத்து முழுக்க நிற்கவில்லை, பிழைதான் கூடியது.

கோல்சிசின் என்றால் செங்காந்தளில் இருப்பதுதானே?

அதேதான். தமிழ்நாட்டின் மாநில மலர், ஈழத்தில் கார்த்திகைப் பூ, விவசாயிகள் வாயில் கண்வலிக் கிழங்கு. அதன் விதையிலும் கிழங்கிலும் கோல்சிசின் இருக்கிறது. அந்த விதைக்காகவே நம் ஊரில் அதைப் பயிரிடுகிறார்கள். மூட்டுகளில் யூரிக் அமிலம் படியும் கௌட் நோய்க்கு இது மிகப் பழைய மருந்து.

ட்யூபுலின் என்ற புரதமே கோல்சிசினைப் பிடித்துக்கொண்டுதான் ஆய்வுலகத்துக்கு வந்தது. 1967இல் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் கோல்சிசினோடு ஒட்டும் புரதம் எது என்று தேடிப் போய் நுண்குழலின் செங்கல்லைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு ஹிதேயோ மோஹ்ரி அதற்கு ட்யூபுலின் என்று பெயரிட்டார்.

கிழங்கைத் தவறுதலாகவோ வேண்டுமென்றோ தின்றவர்களுக்கு முதலில் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் வரும். குடல் எபிதீலியம் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் திசு. பிளவுபடும் செல்களுக்கு நுண்குழல் இல்லாமல் ஒரு அடி நகராது. உயிரையே எடுக்கக்கூடிய நஞ்சு இது. வீட்டு வைத்தியமாக முயற்சிக்காதீர்கள்.

குடலை விட்டு மற்ற உறுப்புகளுக்கு வாருங்கள். உள்காதில் ஏதோ விசேஷம் என்கிறார்களே?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. காக்ளியா என்னும் நத்தைக்கூட்டுக்குள் கார்ட்டி உறுப்பு இருக்கிறது. அதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்களைத் தாங்கித் தூண்செல்கள் நிற்கின்றன. உள்தூண், வெளித்தூண் என்று இரண்டு வரிசை, நடுவில் முக்கோணச் சுரங்கம். பேருக்கு ஏற்றபடி இவை நிஜமாகவே தூண்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆயிரக்கணக்கான நுண்குழல்கள், ஆக்டின் இழைகளோடு சேர்ந்து, வைக்கோல் பிரி முறுக்கியது போல நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. இங்கே குழல்களின் முக்கிய வேலை சரக்குப் பாதையாக இருப்பது அல்ல, விறைப்பாக நிற்பது.

அதைவிட வியப்பு, பெரும்பாலான குழல்களில் 13 இழைகளுக்குப் பதில் 15 இருக்கின்றன. ஈயின் இறகில், மேல் தகட்டையும் கீழ் தகட்டையும் இணைக்கும் எபிதீலிய செல்களிலும் இதே 15தான். இழுவையைத் தாங்க வேண்டிய இடத்தில் தடித்த குழல் என்று சொல்லத் தோன்றுகிறது.

எலியின் உள்தூண் செல் வளரும்போது இன்னொரு விஷயம் நடக்கிறது. குழல்கள் முதலில் சென்ட்ரோசோமிலேயே முளைக்கின்றன. பிறகு கழன்று, உச்சிச் சவ்வுக்கு அடியில் உள்ள பிடிமானத்துக்கு இடம் மாறுகின்றன. நைனீனும் கூடவே போகிறது. நாற்றங்காலில் முளைக்கவிட்டுப் பிடுங்கி வயலில் நடுவது போல. 1990களில் மெட்டே மோகென்சனும் ஜான் டக்கரும் அவர்களோடு உழைத்தவர்களும் இதைப் படிப்படியாக நிறுவினார்கள்.

மூச்சுக்குழாய்ச் செல்லில்?

அங்கே ஒரு செல்லின் உச்சியில் 200 முதல் 300 குறுஇழைகள் நின்று சளியைத் தொண்டை நோக்கித் தள்ளுகின்றன. ஒவ்வொரு குறுஇழைக்கும் அடியில் அடித்துகள் ஒன்று வேண்டும். அதாவது சென்ட்ரியோலை நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டும். சாதாரணமாக ஒரு செல் சுழற்சியில் ஒருமுறை மட்டும் இரட்டிக்கும் உறுப்பை இந்தச் செல் மொத்தமாக உற்பத்தி செய்கிறது.

குறுஇழைகள் எல்லாம் ஒரே பக்கம் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சளி நகராது. அடித்துகளின் பக்கத்தில் பாதம் போன்ற ஒரு நீட்டல் உண்டு. அது அடிக்கும் திசையையே காட்டி நிற்கும். அந்தப் பாதத்தில் காமா ட்யூபுலின் இருக்கிறது, அதிலிருந்து நுண்குழல்கள் புறப்பட்டு உச்சியில் ஒரு வலை பின்னுகின்றன. 2012இல் ஜப்பானில், இந்தப் பாதம் மட்டும் உருவாகாத எலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். குறுஇழைகள் இருந்தன, அசைந்தன, ஆனால் ஆளுக்கொரு திசை. எலிகள் இருமுவது போல ஒலி எழுப்பின. சிறிய பாதம் இல்லாததால் இருமல் என்பதை நினைக்க எனக்கு இன்னும் விசித்திரமாக இருக்கிறது.

குறுஇழையே அசையாத பிறவி நோயும் உண்டு. சளி, சைனஸ், காது என்று தொற்று விடாது. இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயம், கல்லீரல் போன்றவை இடம் வலமாக மாறியிருக்கும். அசையாத குறுஇழைதான் மூலம் என்பதை 1976இல் ஸ்வீடனின் பியோர்ன் அஃப்செலியுஸ் காட்டினார்.

கல்லீரல் செல்லுக்கு உச்சி எது, அடி எது என்றே புரியவில்லை.

புரியாதது நியாயம்தான். அது தூண் மாதிரி நிற்கும் செல் இல்லை. பக்கத்துப் பக்கத்துச் செல்கள் இரண்டு சேர்ந்து நடுவில் ஒரு வாய்க்காலை உண்டாக்குகின்றன. பித்தம் அதில் ஓடும். அந்த வாய்க்கால் கரைதான் உச்சிப் பக்கம். ரத்தத்தைப் பார்த்திருக்கும் பரப்பு அடிப்பக்கம். மைனஸ் முனைகள் வாய்க்காலைச் சுற்றித் திரண்டு நிற்க, குழல்கள் ரத்தப் பக்கம் நோக்கிப் போகின்றன. ஆகவே, செல்லின் வடிவம் எப்படியிருந்தாலும் மைனஸ் முனை உச்சிச் சவ்வைத் தேடிப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கல்லீரலுக்கு இன்னொரு பழக்கம். உச்சிக்குப் போக வேண்டிய புரதங்களில் பலவற்றை நேராக அனுப்பாமல் முதலில் ரத்தப் பக்கச் சவ்வுக்கு அனுப்பி, அங்கிருந்து செல்லுக்குக் குறுக்கே எடுத்துப் போகும். சுற்றுவழிதான். நுண்குழலைக் கலைத்தால் அல்புமின் போன்ற ரத்தப் புரதங்களின் சுரப்பும் மந்தமாகிவிடும்.

தோலிலும் இதே விழுது அமைப்பா?

இல்லை. தோலின் அடியடுக்குச் செல்லில் சென்ட்ரோசோம் வழக்கம்போல் வேலை செய்கிறது. செல் மேலடுக்குக்கு ஏறியதும், டெஸ்மோசோம் என்ற ஒட்டுப்பொத்தான்களில் இருக்கும் டெஸ்மோபிளாகின் நைனீனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. குழல்கள் செல்லின் ஓரமெல்லாம் சுற்றி அடுக்கப்படுகின்றன. 2007இல் டெரி லெக்லரும் எலேன் ஃபுக்ஸும் இதைக் காட்டினார்கள். மேலும் கீழும் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லாத, உறுதி மட்டும் வேண்டிய செல்லுக்கு இது போதும்.

எபிதீலிய செல் பிளவுபடும்போது இந்த அடுக்கு என்ன ஆகும்?

கலைக்கப்படும். செல் உருண்டையாகும், காமா ட்யூபுலின் திரும்ப சென்ட்ரோசோமுக்கு வரும், இரண்டு சென்ட்ரோசோம்களும், குரோமோசோம்களைப் பிரிக்கும் கதிர்க்கோலின் இரு துருவங்களாகும். பழைய படம் அந்த ஒரு மணி நேரத்துக்கு மறுபடி உண்மையாகிவிடும். பிளவு பெரும்பாலும் படுக்கை வாட்டத்தில் நடக்கும், அப்போதுதான் இரண்டு மகள் செல்களும் சுவரில் அடுத்தடுத்து நிற்க முடியும். அதற்காக டைனீன் செல்லின் பக்கச் சுவர்களில் நின்று கதிர்க்கோலைப் பிடித்து இழுக்கிறது. பிளவு முடிந்ததும் கொக்கிகள் உச்சிக்குப் போகும், விழுதுகள் மறுபடி இறங்கும்.

குழலின் எந்த முனை எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இரண்டு வழி. பழையது, செல்லைத் திறந்து கூடுதல் ட்யூபுலினை ஊற்றுவது. அதற்கென்றே தயாரித்த உப்புக் கரைசலில் அது, ஏற்கெனவே இருக்கும் குழல்களின் பக்கத்தில் கொக்கி கொக்கியாக ஒட்டும். குறுக்காக வெட்டி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், கொக்கி இடம் சுழிகிறதா வலம் சுழிகிறதா என்பது முனையைச் சொல்லிவிடும். புதியது, வளரும் ப்ளஸ் முனையில் மட்டும் உட்காரும் ஈபி1 என்ற புரதத்துக்கு ஒளிரும் வால் கட்டி, உயிரோடு இருக்கும் செல்லில் படம் எடுப்பது. வால்நட்சத்திரங்கள் போலப் புள்ளிகள் ஓடும். எபிதீலிய செல்லைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் அவை பெரும்பாலும் கீழ்நோக்கிப் பொழியும், மழை மாதிரி.